பாகப்பிரிவினைப் பத்திரமும் தாமிரப் பட்டயமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுதலைப் போராட்டத் தியாகிகளின் வழித்தோன்றல்களுக்கென்று நம் மாவட்டத்தில் ஒரு சங்கம் தொடங்கலாமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடமில்லாத காரணத்தால் 'அடுத்த மாதம் விரிவாக' என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் வேறு பொருளுக்கு இடமில்லை. கண்மாய்ப் பாசனம் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தம்பி மகள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறாள். அங்கே விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வழிவந்த பெண்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம். ஏழெட்டுத் தலைமுறைக்குக் காகிதம் காட்டினால்தான் சேர்ப்பார்களாம். அதைப் போல ஒன்றைச் சேது நாட்டில் நாம் ஏன் தொடங்கக் கூடாது?
— வாசகர், கேணிக்கரை, இராமநாதபுரம்

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முன்மாதிரியாகக் காட்டும் சங்கத்தின் கதையை முழுவதும் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

உங்கள் தம்பி மகள் சொல்வது 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்னும் சங்கத்தை. 1890 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரில் தொடங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு தொடங்கப்பட்ட 'புதல்வர்கள்' சங்கம் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் பெண்கள் தமக்கென்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். இவ்விரண்டுக்கும் மூத்தது 1783-இல், போர் முடியும் தறுவாயில், படை அதிகாரிகள் தமக்குள் அமைத்துக்கொண்ட சின்சினாட்டி சங்கம். அதில் உறுப்பினர் உரிமை தந்தைக்குப் பின் மூத்த மகனுக்குப் போகும் என்று விதி வைத்தார்கள். மன்னரை எதிர்த்துப் போரிட்டு முடித்த கையோடு பரம்பரைப் பட்டமா என்று அந்நாட்டிலேயே பெரிய எதிர்ப்பு எழுந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், பெருமை பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கு மேல்நோக்கிப் போவதே முறை, கீழ்நோக்கி இறங்குவது அபத்தம் என்று கேலி செய்திருக்கிறார். பிள்ளையின் நடத்தையைப் பார்த்துப் பெற்றவரைப் பாராட்டும் வழக்கமுள்ள நமக்கு அவர் பேச்சு எளிதில் விளங்கும்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி வாஷிங்டனில் பாட இடம் கேட்டபோது, புதல்விகள் சங்கம் தனக்குச் சொந்தமான அரங்கைத் தர மறுத்துவிட்டது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து விலகினார். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று ஆபிரகாம் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று அந்த அம்மையார் பாடினார். கேட்க வந்திருந்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். விடுதலைக்குப் போராடியவர்களின் பேத்திகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் தங்கள் அரங்குக் கதவைச் சாத்திய கதை இன்றுவரை அந்தச் சங்கத்தின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. முதல் கறுப்பின உறுப்பினர் சேர 1977 வரை ஆயிற்று. பின்னாளில் சங்கம் வருந்தியது என்பதையும், போரில் உதவிய கறுப்பின, பழங்குடி மக்கள் 6,600-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தேடி 2008-இல் நூலாக வெளியிட்டது என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அவர்கள் காகிதத்துக்குக் கொடுக்கும் மரியாதையை. உங்களுக்கும் உங்கள் தாய்க்கும் என்ன உறவு, அவருக்கும் அவர் தந்தைக்கும் என்ன உறவு என்று ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் சான்று கேட்கிறார்கள். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். நம் பக்கத்தில் சங்கம் என்றால் முதலில் பெயர்ப்பலகை, அடுத்துத் தலைவர் யார் என்ற சண்டை, அதற்கடுத்துச் சிலை. பதிவேடு கடைசியில்தான் வரும், பெரும்பாலும் வராமலே போகும். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற முடியுமானால் தொடங்குங்கள்.

என் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) மலேயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். நேதாஜி படையில் சேர்ந்தார் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊர் திரும்பித் தனுஷ்கோடியில் குடியிருந்தோம். 1964 புயலில் தகரப் பெட்டி கடலோடு போயிற்று. சீருடையில் எடுத்த ஒரே ஒரு படம், அப்போது பரமக்குடியில் இருந்த அத்தை வீட்டில் தப்பியிருக்கிறது. இதை வைத்து எதையாவது நிரூபிக்க முடியுமா?
— வாசகி, பாம்பன்

அம்மா, உங்கள் கடிதத்தோடு வந்த படநகலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்திருக்கிறார். வலது கைவிரல்கள் நாற்காலியின் முதுகைப் பற்றியிருக்கின்றன. பின்னால் திரைச்சீலையில் வரைந்த தூணும் பூந்தொட்டியும். படம்பிடிப்பவர் கடையில் எடுத்தது என்பது தெளிவு. மூலப் படத்தைச் சட்டத்திலிருந்து பிடுங்கி எடுக்காதீர்கள். விவரமறிந்த ஒருவரைக் கொண்டு பின் அட்டையை மட்டும் மெதுவாக நீக்கச் சொல்லிப் படத்தின் முதுகைப் பாருங்கள். கடையின் முத்திரை, ஊர்ப் பெயர், பென்சிலில் எழுதிய தேதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அதுவே உங்கள் முதல் ஆவணம்.

அடுத்து ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: உங்கள் ஐயா பட்டாளத்திலிருந்து சேர்ந்தவரா, தோட்டத்திலிருந்து சேர்ந்தவரா? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையினரில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, படைப் பயிற்சியே இல்லாத தோட்டத் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் தமிழர்கள் மிகுதி. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. லட்சுமி சுவாமிநாதன் தலைமையிலான ஜான்சி ராணிப் படையில் இருந்த பெண்களிலும் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள்தாம்.

பட்டாளத்தார் என்றால் பழைய படைப்பிரிவு எண் இருக்கும். பிடிபட்ட பின் பிரிட்டிஷார் அவர்களை விசாரித்து, தங்களுக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள் என்பதைப் பொறுத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்த குறிப்புகளும் உண்டு. டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவம் தொடர்பான கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை 'அபிலேக் படல்' என்னும் காப்பகத்தின் இணையவாசலில் வீட்டிலிருந்தே தேடலாம். தேடும்போது ஒரே பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். முனியசாமி என்ற பெயர் ஆங்கிலக் குமாஸ்தாவின் கையில் எத்தனை வடிவம் எடுக்கும் என்பது எழுதியவருக்கே தெரியாது. தோட்டத்திலிருந்து சேர்ந்தவர் என்றால் வேலை கடினம். போரின் இறுதியில் எரிக்கப்பட்ட காகிதங்கள் ஏராளம். இந்தியப் பட்டாள ஏட்டிலும் அவர்கள் பெயர் இராது. அப்போது உடன் சேர்ந்த தோழர்களின் பக்கம் திரும்ப வேண்டும். ஒரே தோட்டத்திலிருந்து சேர்ந்தவர்களில் யாராவது ஊர் திரும்பித் தியாகி ஓய்வூதியம் பெற்றிருந்தால், அவருடைய கோப்பில் உடனிருந்தவர்களின் பெயர்கள் இருக்க வாய்ப்புண்டு. அத்தையிடம் ஐயாவின் தோட்டத்துப் பெயரையும், மாநிலத்தின் பெயரையும், 'இன்னார் எங்கள் கூடவே கப்பலேறியவர்' என்ற பேச்சு ஏதாவது நினைவிலிருந்தால் அதையும் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அத்தைக்கு என்ன வயது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவேதான் இந்த வாரம் என்கிறேன்.

எல்லாம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் 1800-இல் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து விடுதலைப் போர்க் காலத்து ஏடுகள் பெரும்பகுதி சாம்பலாயின. பிறகு ஓய்வூதியச் சட்டங்கள் வந்தபோது, குறிப்பாக 1832-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கிழவர்களாகிவிட்ட வீரர்கள் உள்ளூர் நீதிமன்றத்தில் வந்து நின்று, எந்தத் தளபதியின் கீழ் எந்த ஊரில் போரிட்டோம் என்று சத்தியம் செய்து வாய்மொழியாகச் சொன்னார்கள். அப்படி எழுதப்பட்ட வாக்குமூலங்கள்தாம் இன்று அங்கே வம்சாவளி தேடுவோரின் பெரிய களஞ்சியம். நம் சங்கமும் பதிவேட்டில் இரண்டு பத்தி வைக்கட்டும்: 'ஆவணம் உண்டு' என்பது ஒன்று, 'குடும்பச் சொல்' என்பது மற்றொன்று. உங்கள் ஐயாவின் பெயர் இரண்டாம் பத்தியில், உங்கள் அத்தை சொன்னபடி, சொன்ன தேதியுடன் ஏறட்டும். பின்னாளில் ஒரு காகிதம் கிடைத்தால் முதல் பத்திக்கு மாறும். இரண்டாம் பத்தியில் இருப்பது இழிவு அல்ல. இரண்டாம் பத்தியில் இருக்க வேண்டியதை முதல் பத்தியில் எழுதுவதுதான் இழிவு.

என் பாட்டனார் 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். அரசு தந்த தாமிரப் பட்டயம் வீட்டில் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்டு 15-க்கும் துலக்கி மாலை போடுவோம். இப்போது எழுத்தே மங்கிவிட்டது. இதற்கு நகல் கிடைக்குமா?
— வாசகர், திருவாடானை

புளி போட்டுத் துலக்கினீர்களா? அப்படித்தான் இருக்கும். அடுக்களைச் செம்புக்குச் செய்வதைப் பட்டயத்துக்கும் செய்துவிட்டீர்கள். இந்த ஆண்டிலிருந்து உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திவிடுங்கள். கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பட்டயத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் நிழலாக விழுந்து எழுத்து புலப்படும்.

பட்டயம் 1972-இல், விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி வழங்கப்பட்டது. அது பாராட்டு, அவர் எந்த வழக்கில், எந்தச் சிறையில், எத்தனை மாதம் இருந்தார் என்பதற்கு அது சான்றாகாது. அதற்குச் சிறைச் சான்று வேண்டும். உங்கள் பாட்டனார் ஓய்வூதியம் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் அதன் நகல் இருந்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். என் தாய்மாமன் ஒருவரின் கோப்புக்காக நானே ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை 'கறையான் தின்றுவிட்டது' என்றார்கள், இரண்டாம் முறை 'இடம் மாற்றிவிட்டோம்' என்றார்கள், மூன்றாம் முறை கோப்பு அதே அறையில், அதே அலமாரியில், வேறு ஆண்டின் கட்டில் இருந்தது. கறையான் பாவம், அதன்மேல் பழி.

தேடும்போது ஒன்றை மறவாதீர்கள். இராமநாதபுரம் ஜில்லா 1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. சிவகாசியும் இராஜபாளையமும் காரைக்குடியும்கூட அதில்தான் இருந்தன. தலைமை அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இயங்கியது. 1985-இல்தான் இப்போதைய மாவட்டம் பிரிந்தது. ஆகவே 'இராமநாதபுரம் ஜில்லா' என்று பழைய ஏட்டில் கண்டவுடன் நம் ஊர்க்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். நம் ஊர்க்காரரின் காகிதம் மதுரையில் கிடந்தால் வியக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்ச் சிறையை 1942 ஆகஸ்டில் மக்கள் உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள் என்பது நாடறிந்த செய்தி. அப்போது கைதானவர்கள் எல்லோரும் உள்ளூரிலேயே வைக்கப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அக்காலத்து அரசியல் கைதிகள் மதுரை, வேலூர், பெல்லாரியை அடுத்த அலிப்புரம் என்று பல சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். எந்தச் சட்டப்பிரிவில் தண்டிக்கப்பட்டார் என்பதையும் பாருங்கள். 1942-இல் சிறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆகஸ்டுப் போராட்டத்துக்காக இருந்தவர்கள் அல்லர். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மாலையெல்லாம் வாங்கி வைத்த பிறகு ஏட்டைப் பார்த்தது; வழக்கு வாய்க்கால் தண்ணீர்த் தகராறு.

எங்கள் வாப்பாவின் வாப்பா அரிசிக் கடை வைத்திருந்தார். தலைமறைவாக இருந்த காங்கிரஸ்காரர்களுக்கு மாதக்கணக்கில் அரிசியும் வழிச்செலவும் கொடுத்தவர். சிறைக்குப் போகவில்லை. அவரைத் தியாகி என்று பதிய முடியுமா?
— வாசகர், தொண்டி

அரசின் கணக்கில் முடியாது. சங்கத்தின் கணக்கில் முடியும், முடியவும் வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் கேட்டது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் மூன்று மாதம். தலைமறைவு வாழ்க்கை, சொத்துப் பறிமுதல், துப்பாக்கிச் சூட்டில் ஊனம், அரசு வேலை இழப்பு என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் தலைமறைவாக இருந்தவருக்குச் சோறு போட்டவருக்கு அதில் இடமில்லை. பணம் கொடுப்பதற்கு ஓர் அரசு எங்காவது கோடு கிழிக்க வேண்டும் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சங்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்கச் சங்கம் துப்பாக்கி ஏந்தியவரை மட்டும் எண்ணுவதில்லை. படைக்குத் தானியமும் கால்நடையும் கொடுத்தவர், விசுவாசப் பிரமாணம் எடுத்தவர், ஊர்ப் பொறுப்பில் இருந்து போருக்கு உதவியவர் ஆகியோரின் வழிவந்தவர்களையும் சேர்க்கிறது. நம் பக்கத்திலும் 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் பணமும் செல்வாக்கும் தந்து துணை நின்றார். அவர் சிறை செல்லவில்லை என்பதற்காக அந்தக் கப்பலின் கதையிலிருந்து அவரை இறக்கிவிடுவோமா?

ஆனால் ஒரு நிபந்தனை. கதை உங்கள் வீட்டில் மட்டும் இருந்தால் போதாது, அரிசி வாங்கியவர் வீட்டிலும் இருக்க வேண்டும். கடையின் பற்று வரவுப் பேரேடு மிஞ்சியிருந்தால் அதில் பெயரில்லாமல் எழுதிய பற்றுகளைப் பாருங்கள். இல்லையேல், அவர் யாருக்கு உதவினார் என்று வாப்பா சொன்னாரோ அவர்களின் பிள்ளைகளைத் தேடிப் போய், நீங்கள் எதுவும் சொல்லாமல், அவர்களை முதலில் பேசவிடுங்கள்.

எங்கள் ஊரில் எல்லோருமே 1799, 1801 கிளர்ச்சிகளில் போராடியவர்களின் நேர் வாரிசு என்கிறார்கள். ஒவ்வொரு சமூகத்தாரும் தனித்தனிச் சங்கம் வைத்துத் தனித்தனிப் பலகை எழுதுகிறார்கள். யார் சொல்வது உண்மை?
— வாசகர், கடலாடி

எல்லோர் சொல்வதும் ஓரளவு உண்மையாக இருக்கலாம், அதுதான் சிக்கல். 1801-க்கும் இன்றைக்கும் இடையில் இருநூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்றால் எட்டு, ஒன்பது தலைமுறை. நமக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், பூட்டன் பூட்டிமார் எண்மர் என்று இரட்டித்துக்கொண்டே போனால் எட்டாம் தலைமுறையில் 256 பேர், ஒன்பதாம் தலைமுறையில் 512 பேர். மேலே சொன்ன ஃபிராங்க்ளின் இதே கணக்கைத்தான் போட்டு, ஒன்பதாம் தலைமுறைப் பேரனிடம் முதல் வீரரின் பங்கு 512-இல் ஒன்றுதான் என்று சிரித்தார். நம் பக்கத்தில் அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுவது வழக்கம் என்பதால் அந்த 512-இல் ஒரே ஆள் பல இடத்தில் வருவார்; எண்ணிக்கை சுருங்கும். சுருங்கினாலும், ஒருவர் வாள் பிடித்தார் என்றால் மற்றவர்களில் சிலர் ஏர் பிடித்திருப்பார்கள், சிலர் வலை வீசியிருப்பார்கள், ஒருவரிருவர் கும்பெனிக்குத் துபாஷாகவும் (மொழிபெயர்ப்பாளராகவும்) இருந்திருப்பார்கள். அந்த ஒருவரை மட்டும் பலகையில் எழுதுகிறோம்.

இந்த மண்ணின் பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஆவணம் இருக்கிறது. 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனியார் பதவி நீக்கிச் சிறைப்பிடித்தார்கள். 1809-இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் கைகலப்பு நேர்ந்ததும் நம் இராமலிங்க விலாசத்தில்தான். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கும்பெனியாரின் கடிதப் போக்குவரத்து எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறது. இவர்களில் சேதுபதி, மருது சகோதரர்கள், கட்டபொம்மன் ஆகியோரின் வழித்தோன்றல்களுக்கும் வ.உ.சி.யின் வழித்தோன்றல்களுக்கும் மாநில அரசு சிறப்பு உதவித்தொகை தருகிறது. அந்த வம்சாவளிகள் அலுவல் முறையில் ஆராயப்பட்டவை. படைத் தலைவர்களுக்கு அப்பால், வேல்கம்பு தூக்கிய ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாத அந்தப் பெயர்களைத்தான் இன்று ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள்.

தனித்தனிப் பலகைகளைப் பற்றி என் கருத்து: சாதிச் சங்கம் நடத்த விரும்புவோர் அதை அந்தப் பெயரிலேயே நடத்தட்டும். தியாகிகள் வழித்தோன்றல் சங்கம் என்று பெயர் வைத்துவிட்டு உறுப்பினர் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் போடுவது ஏமாற்று வேலை. கிளர்ச்சியில் இறங்கியவர்கள் ஒரே தெருவிலிருந்து வரவில்லை.

என் அம்மாச்சியின் தகப்பனார் போராட்டத்தில் ஈடுபட்டவர். மகள் வயிற்றுப் பேத்தியின் மகளான என்னை 'வேறு குடும்பம்' என்று பங்காளிகள் சேர்க்க மறுக்கிறார்கள்.
— வாசகி, தேவிபட்டினம்

குலதெய்வப் படையலுக்குப் பங்காளிக் கணக்குப் பார்க்கட்டும். இரத்த வழி என்பதற்கு மகன் வழி, மகள் வழி என்ற வேற்றுமை கிடையாது. உங்கள் பங்காளிகள் கேட்கக்கூடிய சான்று உங்களிடமே இருக்கலாம். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று தலைமுறையின் பெயரும் உறவும் ஒரே பத்திரத்தில் வரும் இடம் அதுதான். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இறந்தவரின் நெருங்கிய வாரிசுகளோடு நின்றுவிடும். வம்சாவளிக்கு அது போதாது. பத்திரம் இல்லையேல் உங்கள் அம்மாவின் கல்யாணத்து மொய் நோட்டைத் தேடுங்கள். தாய்மாமன் முறைக்கு எந்த ஊரிலிருந்து யார் என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. இவற்றில் பெண்ணின் பெயரும் அவள் தகப்பன் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பெயரன் என்ற சொல்லே அப்படி வந்தது என்பார்கள். ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். பெயர் மட்டும் பொருந்துகிறது என்று ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்ளாமல் தகப்பன் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவைப் பற்றித் தேடப்போய், 1943-இல் அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வெளியே வந்தார் என்று தெரிந்தது. ஏன் தேடினோம் என்று ஆகிவிட்டது. இதைச் சங்கத்தில் சொல்ல வேண்டுமா?
— வாசகர், மண்டபம்

ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களில் மிகவும் நேர்மையான கடிதம் உங்களுடையது. அந்தக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அதற்கு முன் எத்தனை மாதம் உள்ளே இருந்தார், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் நோயாய்க் கிடந்தார்கள், அந்த ஆண்டு மழை பெய்ததா என்று பாருங்கள். உங்கள் அப்பா அப்போது ஆறு மாதக் குழந்தை என்று நீங்களே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சிறைக்குப் போனதும் அவர்தான், கையெழுத்துப் போட்டதும் அவர்தான். வெளியே வந்த பிறகு ஊர் அவரை எப்படி நடத்தியது என்று உங்கள் அப்பத்தா யாரிடமாவது சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். நானாக இருந்தால் இரண்டு காகிதத்தையும் ஒரே உறையில் வைத்துப் பதிவேட்டில் சேர்ப்பேன். ஒன்றை மட்டும் சேர்ப்பதாக இருந்தால் இரண்டையும் வீட்டிலேயே வைத்துக்கொள்வது மேல்.

சங்கத்தைப் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்? உறுப்பினராகிவிட்டால் தியாகி ஓய்வூதியம் கிடைக்குமா? லெட்டர்பேடில் அசோகச் சிங்கம் போடலாமா?
— வாசகர், கீழக்கரை

1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஓய்வூதியத்துக்கும் சங்கத்துக்கும் தொடர்பே இல்லை. மத்திய அரசின் திட்டத்தில் தியாகிக்குப் பின் மனைவி அல்லது கணவர், அவருக்குப் பின் திருமணமாகாத மகள்கள் என்ற அளவில்தான் போகும். மகனுக்கும் பேரனுக்கும் கிடையாது. இதைச் சொல்லாமல் சந்தா வாங்குபவர் யாராக இருந்தாலும் அவரிடம் ரசீது கேளுங்கள்.

சிங்கம் போடக் கூடாது. அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அச்சகத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் குறித்திருக்கிறீர்கள்; இதைப் படித்தவுடன் போன் செய்து நிறுத்திவிடுங்கள்.